முயல் சாப்பு ஃபவுண்டேஷன்

என் மகள் தன் கல்யாணத்துக்கு மேக்கப் போட நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? இருபத்திரண்டு வருஷமாகப் பினாங்கில் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள் நான். தீவில் மட்டுமில்லை, பாலம் தாண்டி கெப்பாலா பத்தாஸ், பைராம் தோட்டம் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அழுது மூக்கு வீங்கிய பெண்கள், முதல் நாள் பரு வந்த பெண்கள், மருதாணிக் கையால் கண்ணைக் கசக்கிக்கொண்ட பெண்கள், எல்லாரையும் மகாலட்சுமியாக மணவறைக்கு அனுப்பியவள். அப்படிப்பட்டவள் பெற்ற பெண், தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. மேக்கப்புக்கு நான் வேற ஆள் பாத்துட்டேன்."

கோவித்துக்கொள்ளாதே என்று ஆரம்பிக்கிற எந்தப் பேச்சுக்கும் நான் கோவித்துக்கொள்ளாமல் இருந்ததில்லை. சட்டினிக் கரண்டியை அப்படியே மேசையில் போட்டேன். என் கணவர் தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். அவருக்குப் பழக்கம்.

"யாரு அந்த ஆளு?"

"ஜார்ஜ் டவுன்ல ஒரு பொண்ணு மா. போன்ல அவ போட்ட படமெல்லாம் பாத்தேன். அவ சாமான் எல்லாமே க்ரூவல்டி ஃப்ரீ."

"அப்படின்னா?"

"மிருகத்து மேல டெஸ்ட் பண்ணாதது."

"நான் எந்த மிருகத்துக்குடி மேக்கப் போட்டேன்?"

என் கணவருக்குப் புரையேறிவிட்டது. அவர் தலையைத் தட்டிவிட்டு நான் மறுபடியும் மகளிடம் திரும்பினேன். அவள் ஒரு காப்புறுதி, அதாவது இன்ஷூரன்ஸ், அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். எதையும் பத்தி பிரித்து விளக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. பொறுமையாக விளக்கினாள். சில கம்பெனிகள் க்ரீம், மை, ஷாம்பு எல்லாவற்றையும் முயல், எலி மேல் முதலில் போட்டுப் பார்க்குமாம். முயலுக்குக் கண்ணீர் அதிகம் வராதாம். அதனால் கண்ணில் விட்டது கழுவிக்கொண்டு போகாமல் அங்கேயே நிற்குமாம். தலையை மட்டும் வெளியே நீட்டும்படி அதைப் பெட்டியில் பிடித்து வைத்து, கண் என்ன ஆகிறது என்று பார்ப்பார்களாம். போனில் படமும் காட்டினாள்.

பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். அதை ஒத்துக்கொண்டால் நான் நானா?

"நேத்து கோழிக் கொழம்பு ரெண்டு தடவ ஊத்திக்கிட்டியே, அது மட்டும்?"

"அது பசிக்கு மா. லிப்ஸ்டிக் எந்தப் பசிக்கு?"

பதில் இல்லாதபோது நான் குரலைக் கூட்டுவேன். கூட்டினேன். பெற்ற தாய் இருக்கும்போது எவளோ ஒருத்தி வந்து என் பிள்ளைக்குக் கண்மை வைப்பதா, ஊர் என்ன சொல்லும், என் வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்கள், அந்த மேடைக்குக் கீழே நான் எந்த மூஞ்சியோடு நிற்பது என்று ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தேன். கடைசியில் கத்தல் போய் அழுகை வந்துவிட்டது. ஊருக்காக இல்லை. அவளைக் கையில் வாங்கிய நாளிலிருந்து, இந்த முகத்துக்கு ஒருநாள் நான்தான் பொட்டு வைத்து அனுப்புவேன் என்று நினைத்துக்கொண்டே இருந்தவள் நான்.

அவளும் இளகினாள். "சரி. மூணு மாசம் இருக்கு. உங்க பெட்டியில உள்ளது பூரா மாத்திருங்க. ஒண்ணு விடாம. அப்ப நீங்களே போடுங்க."

"ஒரு வாரம் போதும் எனக்கு," என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்று மத்தியானமே பெட்டியைத் திறந்து கூடத்தில் பரப்பினோம். எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக் கூடம் சின்னது. என் கணவர் தொலைக்காட்சி பார்க்க வேண்டுமென்றால் பவுடர் டப்பாக்களைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருந்தது. மகள் ஒவ்வொன்றாக எடுத்து, கம்பெனிப் பெயரை போனில் தட்டி, பட்டியலில் தேடினாள். ஒரு பக்கம் நல்ல பிள்ளைகள், ஒரு பக்கம் கெட்ட பிள்ளைகள். கெட்ட பக்கம் மலை மாதிரி ஏறிக்கொண்டே போனது.

அதைவிடப் பெரிய சங்கடம், பாதிச் சாமானுக்குப் பெயரே இல்லை. எங்கள் தொழிலில் முழு லிப்ஸ்டிக்கையும் தூக்கிக்கொண்டு அலைய மாட்டோம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சுரண்டி ஒரே தட்டில் போட்டுக்கொள்வோம். நான் தட்டுக்குப் பதிலாக என் கணவருடைய பழைய மாத்திரைப் பெட்டியை வைத்திருந்தேன். ஏழு அறை, ஏழு நாள், ஏழு நிறம்.

"இது எந்தக் கம்பெனி?"

"அதுவா, அது செவ்வாக்கெழம."

"அம்மா!"

"என்னை என்னா பண்ணச் சொல்ற? வியாழன் மெருன், வெள்ளி ரோசு. பொண்ணுங்க கேட்டா அப்படித்தான் சொல்லுவேன். எவளும் வெள்ளிக்கெழமையோட கம்பெனி எதுன்னு கேட்டதில்ல."

செவ்வாயும் வெள்ளியும் கெட்ட பக்கம் போயின. நல்ல நாள் பார்க்காமல் மொத்த வாரத்தையும் தூக்கிக் குப்பையில் போட்டாள். அடுத்து என் செல்லத் தூரிகையை எடுத்தாள். கன்னத்தில் பட்டால் பட்டதே தெரியாது, அவ்வளவு மெத்து. பத்து வருஷமாக யாரையும் தொட விடாமல் வைத்திருந்தேன்.

"இது அணில் முடி மா."

"போடி."

"கைப்பிடியில எழுதியிருக்கு, பாருங்க."

முதுகில் மூன்று கோடு போட்ட அந்த அணிலா? நான் தினமும் சோறு போடும் காக்காவோடு சண்டைக்கு வரும் அந்த அணிலா? பத்து வருஷமாக அதன் வாலைக் கொண்டு பெண்களுக்குக் கன்னம் சிவக்க வைத்திருக்கிறேன். எனக்கே அருவருப்பாகிவிட்டது. சரி, போடு என்றேன். போட்ட பிறகு இரண்டு தடவை குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தேன்.

நம்பிக்கை வைத்திருந்த ஒரு கம்பெனிக்கு நானே கடிதம் எழுதினேன். மகள் ஆங்கிலத்தில் தட்டிக் கொடுத்தாள், கோபம் மட்டும் என்னுடையது. மறுநாளே பதில் வந்தது. 'நாங்கள் மிருகங்களின் மேல் சோதனை செய்வதே இல்லை, சட்டம் கேட்டால் ஒழிய' என்று எழுதியிருந்தார்கள். என் கணவர் அதைப் படித்துவிட்டுச் சொன்னார், "நான் குடிக்கறதே இல்ல, யாராச்சும் வாங்கிக் குடுத்தா ஒழிய. அந்த மாதிரி இருக்கு." மனுஷன் வருஷத்துக்கு ஒருதரம் பேசினாலும் நல்லதாகப் பேசுவார். அந்தக் கம்பெனியும் குப்பைக்குப் போனது.

ஆக, புதுச் சாமான் வாங்க வேண்டும். முயல் படம் போட்ட முத்திரை இருந்தால் நம்பி வாங்கலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். லிட்டில் இந்தியாவில் நான் எப்போதும் வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் தமிழ் முஸ்லிம். நான் தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு வளையல், பொட்டு, பவுடர் எல்லாம் அவர் கடைதான். இங்கே நாங்கள் எதையும் கம்பெனிப் பெயர் சொல்லிக் கேட்கிற வழக்கமே இல்லை. டின்னில் என்ன படம் இருக்கிறதோ அதுதான் பெயர். யானை சாப்பு, மயில் சாப்பு, கப்பல் சாப்பு. நானும் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, முயல் சாப்பு இருக்கா?"

"இருக்கே தங்கச்சி," என்று உள்ளே போனவர், ஒரு பொட்டலத்தோடு வந்தார். முயல் சாப்பு கஞ்சி மாவு. வேட்டி சட்டைக்குப் போடுவது.

"ஐயோ, மொகத்துக்குப் போடறது அண்ணே!"

"மொகத்துக்கா? ஆள் வெறச்சுப் போயிராதா?"

தலையில் அடித்துக்கொண்டு முழுக் கதையையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். மிருகத்தைக் கொடுமைப்படுத்தக் கூடாது, எங்க மார்க்கத்துலயும் அது பெரிய பாவம் என்றார். பிறகு கண்ணாடி அலமாரியில் புதிதாக வந்திருந்த ஒரு க்ரீமை எடுத்து, அதன் பின்பக்கத்து முயல் முத்திரையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இதத்தான் நான் யாருக்கும் விக்காம வச்சிருந்தேன். மொயல் படம் போட்டிருக்கே, மொயல் கொழுப்புல செஞ்சதோன்னு ஒரு சந்தேகம். மொயல் எங்களுக்கு ஆகும்தான், சாப்பிடலாம். ஆனா அறுத்த மொற சரியான்னு தெரியணும்லா."

"அறுக்கவே இல்லேங்கறதுக்குத்தான் அண்ணே அந்தப் படம்!"

"அப்ப மாட்டுப் படம் போட்ட பால் டின்னு?"

எனக்குத் தலை சுற்றியது. அங்கே நின்றிருந்த ஒரு பெண்மணி வேறு, தைப்பூச விரதத்தில் இருக்கிறேன், முயல் போட்டதை முகத்தில் தடவலாமா என்று என்னைக் கேட்டார். நான் அரைமணி நேரம் அந்தக் கடையில் நின்று முயலுக்காக வாதாடினேன். மூன்று நாள் முன்பு என் மகளோடு எதற்கெல்லாம் சண்டை போட்டேனோ அதையெல்லாம் நானே மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணில் விடுவார்களாம், தலையை மட்டும் வெளியே வைத்துப் பிடித்துக்கொள்வார்களாம் என்றபோது அந்தப் பெண்மணி உச்சுக் கொட்டினார். அண்ணன் இரண்டு க்ரீமைச் சும்மாவே பையில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த பிரச்சினை. புதுச் சாமானை யார் முகத்தில் போட்டுப் பார்ப்பது? வாடிக்கையாளர் முகத்தில் முடியாது. என் மகள் நிறமும் தோலும் அப்படியே அவள் அப்பா. அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். காலையில் காப்பி குடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். வேறென்ன வேண்டும்?

"மனுஷங்க மேல டெஸ்ட் பண்ணலாம், ஆனா அவங்க சம்மதிக்கணும்," என்றாள் மகள். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி அவரிடம் நீட்டினாள். 'நான் யாராலும் கட்டாயப்படுத்தப்படவில்லை.' அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு கன்னத்தில் ஒன்று, மறு கன்னத்தில் ஒன்று, எது சாயங்காலம் வரை நிற்கிறது என்று பார்க்க அப்படியே வேலைக்கு அனுப்பினேன். ஒரு க்ரீம் போட்டு முகம் வெந்த இறால் மாதிரி ஆகி இரண்டு நாள் கிடந்தார். முயலைக் கஷ்டப்படுத்தாதது என் புருஷனைக் கஷ்டப்படுத்தாது என்று எந்தப் பட்டியலிலும் போட்டிருக்கவில்லை. ஒருநாள் அவசரத்தில் ஒற்றைக் கண் மையோடு கிளம்பிப் போய்விட்டார்.

"அந்த மலாய்க்கார சூப்பர்வைசர், அபாங் ஓகே கா, அண்ணனுக்கு ஒண்ணுமில்லையேன்னு மூணு வாட்டி கேட்டான்," என்றார் வந்ததும். "அப்பறம் கூப்புட்டு ஒக்கார வச்சு, வீட்டுல ஏதும் பிரச்சினைன்னா எங்கிட்ட சொல்லுன்னான்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"சொல்லாம? மொயலுக்கு ஒலகம் பூரா சங்கம் இருக்கு, எனக்கு யாருமில்லேன்னேன்."

ஆனால் இவ்வளவு கூத்துக்கு நடுவில் காரியம் நடந்தது. கண்மை கிடைத்தது, லிப்ஸ்டிக் கிடைத்தது, பவுடர் கிடைத்தது. செயற்கை முடித் தூரிகை கூடப் பழகிவிட்டது. மகள் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினாள். அந்த ஜார்ஜ் டவுன் பெண்ணை அழைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்று நான் கேசரி கிண்டினேன், அவ்வளவு சந்தோஷம்.

பாக்கி இருந்தது ஃபவுண்டேஷன் மட்டும். இதில்தான் நான் புத்தி கெட்டுப் போனேன்.

தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கல்யாண மேக்கப்பில் எழுதாத ஒரு சட்டம் உண்டு. பெண்ணின் நிறம் எதுவோ அதைவிட 'ரெண்டு நம்பர் மேல' போட வேண்டும். மாநிறமா, சிவப்பாக்கு. கறுப்பா, மாநிறமாக்கு. பெண் வீட்டார் கேட்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள், சில நேரம் பெண்ணே கேட்பாள். யாரும் கேட்காவிட்டாலும் நாங்கள் போட்டுவிடுவோம், உப்புப் போடுகிற மாதிரி. என் மகள் நல்ல கறுப்பு. நிச்சயதார்த்தத்தன்று கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்த சம்மந்தியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"பொண்ணு லட்சணம்தான், கொறையே இல்ல. கல்யாணத்தன்னிக்கு மட்டும் கொஞ்சம் பளிச்சுனு காட்டிருங்க. அதான் ஒங்க கையிலயே தொழில் இருக்கே."

"அத எங்கிட்ட விட்டுருங்க அக்கா," என்று சொல்லியிருந்தேன்.

முயல் முத்திரை போட்ட கம்பெனியில் என் மகளின் சொந்த நிறத்துக்கு அச்சாக ஒன்று கிடைத்தது. ஆனால் அதிலேயே இரண்டு நம்பர் மேலே எடுத்து என் கணவர் கன்னத்தில் போட்டால், மனுஷன் விபூதி அப்பிய பண்டாரம் மாதிரி இருந்தார். சாம்பல் பூத்தது. என்னென்னவோ கலந்து பார்த்தேன், சரிப்படவில்லை. என் பழைய ஃபவுண்டேஷன் இருக்கிறதே, அது அந்த வேலையை நெய் மாதிரி செய்யும். ஆனால் அது கெட்ட பக்கத்தில் முதல் ஆளாக நின்ற கம்பெனி. தூக்கிப் போட்டுவிட்டேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். போடவில்லை, அரிசி டின்னுக்குள் இருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, அந்தப் பழையதை எடுத்து கலந்து பார்த்துக் காலியான முயல் முத்திரைப் புட்டியில் ஊற்றி, வாயைத் துடைத்து மூடி, பெட்டியில் வைத்துவிட்டேன். ஒரு நாள்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். சொந்த நிறத்துப் புட்டி எங்கே போனது என்று தேடக்கூட இல்லை. அது எனக்குத் தேவையே படாது என்று இருந்துவிட்டேன்.

கல்யாணம் தண்ணீர்மலைக்குப் போகிற சாலையில் ஒரு மண்டபத்தில். காலையில் மணப்பெண் அறையில் நானும் அவளும் மட்டும். கதவைச் சாத்திவிட்டு, அவளை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் கொடுத்தாள். என் பிள்ளை என்னை நம்பி முகத்தைக் கொடுக்கிறாள் என்று நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. புட்டியைத் திறந்து, தூரிகையில் தொட்டு, நெற்றியில் வைத்தேன். இரண்டாவது இழுப்புக்கு அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"அம்மா, இது அந்தப் பழசுதானே?"

"எது? என்னாடி உளர்ற? மொயல் போட்டிருக்கு பாரு." புட்டியைத் திருப்பிக் காட்டினேன்.

"நடிக்காதீங்க மா. இந்த வாடை எனக்குத் தெரியாதா?"

ரோஜாவும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை அதற்கு உண்டு. எனக்குப் பழகிப்போய் மூக்கில் ஏறுவதில்லை. நான் வழக்கம்போல் குரலைக் கூட்டப் பார்த்தேன். உன் நல்லதுக்குத்தானே, சம்மந்தியம்மா கேட்டார்களே, ஊரே பார்க்கும் நாளில் நீ பளிச்சென்று இருக்க வேண்டாமா என்று ஆரம்பித்தேன். அவள் கத்தவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒம்பது வயசுலேர்ந்து மா. கடையில எந்தப் புது க்ரீம் வந்தாலும் மொதல்ல எனக்குத்தான். 'இதுலயாச்சும் கொஞ்சம் வெளுக்குதா பாப்போம்'னு சொல்லுவீங்க. பரிசளிப்பு விழாவுக்கு இதே ஃபவுண்டேஷனத்தான் அப்பினீங்க. கண்ணுக்குள்ள போய் எரியுதுன்னு அழுதேன். தலைய ஆட்டக் கூடாதுன்னு ரெண்டு காலுக்கும் நடுவுல என்னைப் புடிச்சுக்கிட்டீங்க."

எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"போன்ல அந்தப் படத்தப் பாத்தப்ப எனக்கு மொயல் மேல பாவமா வரல மா. மொதல்ல என்னத்தான் நெனச்சுக்கிட்டேன். அதான் ஒங்ககிட்ட மேக்கப் வேணாம்னு சொன்னேன். அப்பறம் நீங்க கம்பெனிக்கெல்லாம் கடிதம் எழுதி, கடையில நின்னு சண்ட போட்டு, அப்பா மூஞ்சில கிறுக்கி... மாறிட்டீங்கன்னு நெனச்சேன்."

அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். இருபத்திரண்டு வருஷம் ஊர்ப் பெண்களின் முகத்தைத் தொட்ட கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் அவளை வெளுக்க வைக்கப் பார்த்தது பாசத்தில்தான். என்னையும் சின்ன வயதில் கறுப்பி என்றுதான் கூப்பிட்டார்கள், அது என் பிள்ளைக்கு வரக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அதை அப்போது சொன்னால் அதுவும் ஒரு பூச்சு. தரையில் உட்கார்ந்து, அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிரு கண்ணு, தப்புப் பண்ணிட்டேன்," என்றேன். எனக்கு நினைவு தெரிந்து நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. அவள் அப்பாவிடம்கூட.

அவள் கழுத்தில் சுற்றியிருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். பிறகு, "எழுந்திரிங்க மா, பட்டுப் பொடவ அழுக்காவுது," என்றாள்.

அவள் முகத்தைக் கழுவிவிட்டேன். பழையதைக் கழிவறையில் கொட்டினேன். சரி, இப்போது அந்தச் சரியான புட்டி எங்கே? பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். இல்லை. வீட்டில் எங்கே வைத்தேன் என்று கேட்க, வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற கணவரைப் போன் போட்டு வரச் சொன்னேன். வந்தார். விஷயத்தைக் கேட்டார். திருதிருவென்று விழித்தார். பிறகு மெல்ல ஜிப்பா பாக்கெட்டில் கையை விட்டு அந்தப் புட்டியை எடுத்து நீட்டினார்.

"நீங்க எதுக்குங்க இத வச்சிருக்கீங்க?"

"இல்ல... பழகிருச்சு. வேலையில எல்லாரும் பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்கேங்கறாங்க."

அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். காது வரைக்கும் அருமையாகப் பரப்பியிருந்தார், ஒரு திட்டுக்கூட இல்லை. என் மகள் சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அலாமா, ஐயோ அப்பா, அலாமா என்று கத்திச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணீர் எதற்கு வருகிறதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர் மட்டும், "கொஞ்சம் மிச்சம் வைங்க," என்று சொல்லிவிட்டுச் சந்தனத்துக்குத் திரும்பிப் போனார்.

ஒரு முகத்தை அதே நிறத்தில் அலங்கரிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இதை ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. கை தானாக மேலே மேலே வெளுக்கப் போயிற்று, இழுத்து இழுத்துப் பிடித்தேன். நெற்றி, மூக்குத் தண்டு, தாடை. கறுப்பிலேயே எத்தனை வெளிச்சம் இருக்கிறது என்று அன்றுதான் கவனித்தேன். தங்கம் அவள் மேல் உட்கார்ந்த அழகை நான் வேறெந்தப் பெண்ணிடமும் பார்த்ததில்லை, எல்லாரையும் நான் முதலிலேயே மறைத்துவிட்டிருந்தேன். பொட்டு வைத்து முடித்ததும் அவள் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். "நானாத்தான் மா இருக்கேன்," என்றாள்.

மணவறையில் உட்கார வைத்துவிட்டு இறங்கினேன். சம்மந்தியம்மா என் பக்கத்தில் வந்து நின்று, மேடையைப் பார்த்து, என்னைப் பார்த்து, காதோரமாகக் கேட்டார்.

"என்னாங்க, இன்னும் மேக்கப் போடலியா?"

"போட்டாச்சு அக்கா. ரெண்டு மணி நேரம் போட்டேன்."

"நெறம் அப்படியே தெரியுதே?"

"தெரியட்டும் அக்கா. அது அவ அப்பா நெறம். நானும் பதினெட்டு வருஷமா அழிச்சு அழிச்சுப் பாத்தேன், போகல. இன்னிலேர்ந்து அவ ஒங்க வீட்டுக்கு வர்றா. நீங்க அழிக்கப் பாக்காதீங்க."

நான் தூணுக்குப் பின்னால் போய் ஓவென்று அழுதேன். முயல் சாப்பு மைதான், ஆனால் தண்ணீரில் நிற்காத வகை போலிருக்கிறது. கல்யாணப் படங்களில் எல்லாவற்றிலும் பெண்ணின் அம்மாவான நான் கன்னம் பூரா கறுப்பு வழிந்து பேய் மாதிரி நிற்கிறேன். பக்கத்தில் என் மகள் அவள் நிறத்தில் நிற்கிறாள்.